விற்ற புத்தகத்தின் பணம் வந்து சேர்வதற்குள்

மதுரையில் 2017ஆம் ஆண்டு நான் ஒரு சிறு பதிப்பகம் தொடங்கினேன். அதற்கு முன்பு பத்து ஆண்டுகளுக்கு மேல் பல பதிப்பகங்களுக்கு வீட்டிலிருந்தபடியே மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழைதிருத்தம், பார்த்துக் கொடுத்தவள் நான். தட்டச்சு, பக்க வடிவமைப்பு, அட்டை, அச்சு, பைண்டிங் என்று ஒரு புத்தகம் உருவாகும் வழி முழுவதும் எனக்குப் பழக்கம். அந்தப் புத்தகம் கடைக்குப் போன பிறகு அதன் பணம் எந்த வழியில், எத்தனை மாதத்தில் திரும்பி வரும் என்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2022இல் உட்கார்ந்து கணக்கு எழுதியபோது கடைகளிலிருந்து வரவேண்டிய பாக்கி 4,10,000 ரூபாய் என்று வந்தது. அதில் 1,65,000 ரூபாய் இன்றுவரை வரவில்லை, இனி வரப்போவதும் இல்லை. அந்த நேரத்தில் என் வளையலும் ஆரமும் வங்கியில் அடகில் இருந்தன. புதிதாகப் பதிப்பகம் தொடங்க நினைக்கும் பிள்ளைகள் இப்போது என்னிடம் வந்து எந்த அச்சகம் நல்லது, எந்தக் காகிதம் நல்லது என்று கேட்கிறார்கள். பணத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அதனால் அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் முதல் புத்தகம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் விவசாயத்தைப் பற்றியது. எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். டெமி என்று சொல்லும் வழக்கமான புத்தக அளவில் 160 பக்கம். 16 பக்கம் ஒரு ஃபாரம் என்பது அச்சகக் கணக்கு, ஆகவே பத்து ஃபாரம். 500 பிரதிக்கு 34,000 ரூபாய், 1000 பிரதிக்கு 48,000 ரூபாய் என்று அச்சகத்தில் விலை சொன்னார்கள். பிளேட் செய்து அடிக்கும் ஆஃப்செட் அச்சில் அந்தப் பிளேட் செலவும், இயந்திரத்தை ஓட்டத் தயார்செய்யும் செலவும் எத்தனை பிரதி அடித்தாலும் ஒன்றுதான். பிரதி கூடக்கூட ஒன்றின் அடக்க விலை இறங்கிக்கொண்டே போகும். 500 அடித்தால் பிரதி 68 ரூபாய், 1000 அடித்தால் 48 ரூபாய். இந்த இடத்தில் ஏறக்குறைய எல்லோரும் ஆயிரம் அடிப்பார்கள். எனக்கு அச்சகத்தில் சொன்ன யோசனையும் அதுதான், நானும் ஆயிரமே அடித்தேன். ஆனால் 48 ரூபாய் என்பது ஆயிரமும் விற்றுப் பணமானால் மட்டுமே உண்மை. ஐந்நூறு விற்று ஐந்நூறு கட்டுக் கட்டாக அறையில் கிடந்தால், விற்ற ஒவ்வொரு பிரதியின் அடக்கமும் 96 ரூபாய் ஆகிவிடுகிறது. அச்சகத்தில் கொடுக்கும் விலைப்பட்டியலில் இந்த வரி இருக்காது. நீங்களே பென்சிலால் எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்தப் புத்தகத்துக்கு 150 ரூபாய் விலை வைத்தோம். கடைகளுக்கு 40 விழுக்காடு கழிவு, அதாவது தள்ளுபடி, என்றால் 60 ரூபாய் போய்விட்டது. எழுதியவருக்குச் சேரும் பங்கான ராயல்டி 10 விழுக்காடு, 15 ரூபாய். அச்சுச் செலவு 48. கட்டி, லாரி பார்சலில் போட்டு அனுப்பும் செலவு பிரதிக்கு 7 ரூபாய் பக்கம் வரும். மிச்சம் 20 ரூபாய். பக்க வடிவமைப்புக்கும் அட்டைக்கும் கொடுத்த 9,000 ரூபாயை இந்த இருபது ரூபாய்களிலிருந்துதான் எடுக்க வேண்டும், என் உழைப்புக்குக் கூலியும் அதில்தான். இப்போது இதைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பிரதி விற்று அதன் பணம் மட்டும் வராமல் போனால், அச்சு, ராயல்டி, பார்சல் என்று நமக்கு 70 ரூபாய் நட்டம். அதை ஈடுகட்ட, ஒழுங்காகப் பணம் வரும் நான்கு பிரதிகள் விற்றாக வேண்டும். நூறு பிரதிக்கான பணத்தை ஒரு கடை முடக்கினால், முந்நூற்று ஐம்பது பிரதிகளின் உழைப்பு வீண். சிறு பதிப்பகங்கள் விற்காத புத்தகத்தால் மூடப்படுகின்றன என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். விற்ற புத்தகத்தால் நான் மூடும் நிலைக்கு வந்தேன்.

ஏனென்றால் அந்தப் புத்தகம் நன்றாகப் போயிற்று. ஓர் இதழில் நல்ல மதிப்புரை வந்தது. கோவை, திருச்சி, சென்னை, ஈரோடு என்று கடைகளிலிருந்து போன் வந்தது. "அம்மா, புத்தகம் நன்றாகப் போகிறது, இன்னும் ஐம்பது அனுப்புங்கள்" என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் வயிறு நிறைந்துவிடும். உடனே கட்டி அனுப்புவேன். முதல் ஐம்பதுக்கான பணம் வந்திருக்காது. விற்ற பின் பணம் என்பது இந்தத் தொழிலில் எழுதப்படாத நடைமுறை. செலானில், அதாவது சரக்கு அனுப்பும் சீட்டில், கையெழுத்து வாங்கிக்கொண்டு சரக்கைக் கொடுத்துவிட வேண்டும். எட்டு மாதத்தில் ஆயிரம் பிரதியும் அறையைவிட்டுப் போய்விட்டன. கையில் வந்து சேர்ந்தது அச்சுக்குக் கொடுத்த பணத்தில் பாதிகூட இல்லை. மறுபதிப்புக் கேட்டுக் கடைகள் நெருக்கின. மறுபதிப்புக்கான பணம் அந்தக் கடைகளிடம்தான் இருந்தது.

பணம் கேட்டுப் போகும் வேலை இருக்கிறதே, அது மனிதரை உள்ளுக்குள் அரித்துவிடும். காலையில் பஸ் ஏறிப் போய் உட்கார்ந்தால், கணக்குப் பார்க்கிறவர் இன்று விடுப்பு என்பார்கள். ஆடி போகட்டும், தீபாவளி போகட்டும், சென்னைப் புத்தகக் காட்சி முடியட்டும் என்பார்கள். ஒரு கடையில் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "சார் வரவில்லையா?" என்று கேட்டார்கள். பதிப்பகம் என் பெயரில் இருக்கிறது, செலானில் இருப்பது என் கையெழுத்து, ஆனாலும் பணம் பேச ஓர் ஆண் வரவேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். அன்று திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு கடை ஒரு நாள் சொல்லாமலே மூடப்பட்டது. உரிமையாளரின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அங்கே மட்டும் என் சரக்கு 38,000 ரூபாய்க்கு இருந்தது.

திரும்பி வரும் புத்தகங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு கடை ஒன்றரை ஆண்டு கழித்து, பாக்கிக்குப் பதிலாக இரண்டு மூட்டை அனுப்பியது. பிரித்துப் பார்த்தேன். அட்டையின் மேல் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. உரித்தால் லேமினேஷனும் சேர்ந்து வந்தது. ஓரங்கள் மடங்கியிருந்தன. வெயில் பட்ட பக்கத்தில் முதுகின் சிவப்பு வெளுத்து ஆரஞ்சாகிவிட்டது. பசை பைண்டிங் ஆனதால் சிலவற்றில் விரித்ததும் நடுப்பக்கம் கையோடு வந்தது. உள்ளே இருந்த ஒரு கட்டுக்குள் எங்கள் புத்தகமே இல்லை, வேறு பதிப்பகத்தின் கோலப் புத்தகங்கள் இருந்தன. மூட்டையின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் என் பாக்கி முழுவதும் நேராகிவிட்டது என்று எழுதியிருந்தது.

இதிலிருந்து நான் கைக்கொண்ட நடைமுறைகளைச் சொல்கிறேன். புதிய கடைக்கு முதல் முறை பத்துப் பிரதிக்கு மேல் அனுப்புவதில்லை. அந்தப் பத்துக்கும் பணம் வந்த பிறகே அடுத்தது. ஒவ்வொரு கடைக்கும் ஒரு கடன் வரம்பு நோட்டில் எழுதியிருக்கிறது. அதைத் தாண்டி எவ்வளவு நன்றாகப் போகிறது என்று சொன்னாலும் கட்டு கிளம்பாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிலுவைக் கணக்கை எழுதி அனுப்பி, சரி என்று பதில் வாங்கி வைத்துக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தாலும் போதும், பின்னால் மறுத்துப் பேச முடியாது. எந்த நிலையில் திருப்பினால் ஏற்போம், எத்தனை மாதத்துக்குள் திருப்ப வேண்டும் என்பதைச் செலானிலேயே அச்சடித்துவிட்டேன். முன்பணம் தரும் கடைக்குக் கழிவைக் கூட்டித் தருகிறேன். 45 விழுக்காடு கழித்து இன்றே வரும் பணம், 35 விழுக்காடு கழித்து என்றோ வரும் பணத்தைவிட மேலானது. குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவையும் செய்துகொள்ளுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. குறு, சிறு தொழில்களுக்குச் சேர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாட்களுக்குள் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் விற்பனை என்று பில் போட்ட சரக்குக்குத்தான் அதைக் காட்டிப் பேச முடியும். விற்ற பின் பணம் என்று செலானில் போனதற்கு வாதாடுவது கடினம்.

2020இல் ஊரடங்கு வந்தபோது கடைகள் மூடிக் கிடந்தன, பாக்கிகள் அப்படியே உறைந்தன. அதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். என்னை அதைவிட அதிகமாக அடித்தது 2022 ஜனவரி. சென்னைப் புத்தகக் காட்சியை நம்பி நான்கு புதிய புத்தகங்களை அச்சுக்குக் கொடுத்திருந்தேன். கடைகளின் பணம் வராததால் நகையை வைத்து 2,20,000 ரூபாய் வாங்கினேன். காட்சி தொடங்கச் சில நாட்களே இருந்தபோது கொரோனா கட்டுப்பாடுகளால் தள்ளிவைக்கப்பட்டது. பிறகு பிப்ரவரி நடுவில்தான் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் தொடங்கியது. அதுவரை நகைக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. இப்படி நடப்பது அது முதல்முறையும் இல்லை; 2015 டிசம்பர் வெள்ளத்தில் பதிப்பாளர்கள் பலர் சரக்கை இழந்த ஆண்டில், பொங்கல் ஒட்டி நடக்க வேண்டிய காட்சி 2016 ஜூனில்தான் நடந்தது. ஒரே ஒரு காட்சியை நம்பி ஓராண்டின் முழு முதலையும் வைக்காதீர்கள். ஈரோட்டில் ஆகஸ்டில் நடக்கிறது, மதுரையில் நடக்கிறது, நெய்வேலியில் நடக்கிறது, இப்போது மாவட்டந்தோறும் அரசே நடத்துகிறது. புத்தகங்களை ஆண்டு முழுவதும் பரவலாக வெளியிடலாம். வெளியீட்டு விழாவுக்கு ஜனவரிதான் ராசி என்று எழுத்தாளர்கள் சொல்வார்கள், அவர்களைப் பேசி இணங்கவைக்க வேண்டியது நம் பொறுப்பு.

அந்த 2022 சென்னைக் காட்சியில் எனக்குத் தனி அரங்கு கிடைக்கவில்லை. காட்சியை நடத்தும் சங்கத்தில் உறுப்பினர் அல்லாத புதிய பதிப்பகத்துக்கு அரங்கு கிடைப்பது எளிதில்லை. அதனால் வேறு பதிப்பாளர்களின் அரங்குகளில் புத்தகங்களை வைத்தேன். மாலையில் போய்ச் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பேன். மக்கள் என் புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைப் படித்துப் பணம் கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். கண் முன்னே விற்றது. காட்சி முடிந்து கேட்டபோது, "இன்னும் கணக்கு முடிக்கவில்லை, அடுத்த மாதம் பார்ப்போம்" என்று ஒருவர் சொன்னார். அவர் என்னைவிடப் பெரிய கடனில் இருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. என் புத்தகம் விற்ற காசில் தன் அரங்கு வாடகையைக் கட்டியிருக்கிறார். கோபம் அடங்க எனக்கு வெகுநாள் ஆயிற்று. அடுத்தவர் அரங்கில் வைக்கிறீர்கள் என்றால், தலைப்பு வாரியாக எத்தனை பிரதி என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கடைசி நாள் மாலை, பலகைகளைப் பிரிக்கத் தொடங்குவதற்கு முன் அங்கே இருந்து, மிச்சத்தை எண்ணிப் பணத்தை வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். மறுநாள் காலையில் அங்கே கம்பும் தகரமும்தான் இருக்கும்.

அந்த ஏப்ரலில், எங்கள் முதல் புத்தகத்தை எழுதிய கோவில்பட்டி ஐயா போன் செய்தார். குரல் உயர்த்திப் பேசுகிறவர் இல்லை. "அம்மா, எந்தக் கடைக்குப் போனாலும் என் புத்தகம் இருக்கிறது என்கிறார்கள். எனக்குத்தான் ஒன்றும் வரவில்லை" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. கடைக்காரர்களிடம் நான் சொல்ல நினைத்து விழுங்கிய வாக்கியம் அது. அதை என்னிடமே ஒருவர் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாளே என் வீட்டுச் செலவுப் பணத்திலிருந்து அவருக்குரிய தொகையைக் கணக்கோடு அனுப்பினேன். ராயல்டிக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை விற்பனைப் பணம் வரும்போதும் பத்து விழுக்காட்டை அன்றே அதில் போட்டுவிடுங்கள். அது நம் பணமே இல்லை.

எழுத்தாளரோடு எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் ஒரு பக்கம்கூட வடிவமைக்காதீர்கள். நட்பில் வாய்வார்த்தையாகப் பேசி வெளியிட்ட ஒரு நாவல் மூன்றாம் பதிப்புக்கு வந்தபோது வேறு பெரிய இடத்துக்குப் போய்விட்டது. எழுதியவர் மேல் எனக்கு வருத்தம் உண்டு, வழக்கு கிடையாது, ஏனென்றால் காகிதம் கிடையாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் கொள்ளப்படும். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். மறைந்தவர்களின் எழுத்து என்றால், இறந்து 60 ஆண்டு கழியும்வரை வாரிசுகளின் அனுமதி வேண்டும். நாட்டுடைமை ஆக்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள். நாட்டுடைமை ஆனவற்றை யார் வேண்டுமானாலும் போடலாம் என்பதால், பெரிய பதிப்பகங்கள் மலிவு விலையில் குவித்திருப்பார்கள். சிறியவர்கள் அங்கே போட்டிக்குப் போனால் கரைந்துவிடுவோம்.

நூலக ஆணை பற்றி எல்லோரும் கேட்பார்கள். அரசு நூலகங்களுக்கான கொள்முதல் சிறு பதிப்பகத்துக்கு உண்மையிலேயே பெரிய துணை, நம் புத்தகம் சிற்றூர் நூலகம்வரை போவதற்கு வேறு வழியும் இல்லை. ஆனால் அங்கே நாம் அச்சிட்ட விலை அப்படியே கிடைக்கும் என்று நம்ப முடியாது. எந்தப் புத்தகம் தேர்வாகும், பணம் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. ஆணை வந்த பிறகு அதற்கென்று அச்சடியுங்கள். வரும் என்று நம்பி முன்கூட்டியே அடித்து வைத்தவர்களின் வீடுகளில் கட்டில் போட இடமில்லாததை நான் பார்த்திருக்கிறேன்.

புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்று சொல்வார்கள். விற்கும்போது இல்லை, உண்மைதான். காகிதத்துக்கும் அச்சுக்கும் நாம் கட்டிய வரியைத் திரும்பப் பெறவும் முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். அச்சகமே காகிதமும் போட்டு அடித்துத் தரும்போது 12 விழுக்காடாக இருந்த வரி 2021 அக்டோபரிலிருந்து 18 ஆயிற்று. அதைத் தொடர்ந்து காகித விலை ஏறிய வேகத்தில், அச்சகம் கொடுத்த விலை ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. காகிதத்தை நாமே வாங்கிக் கொடுத்து அச்சுக்கூலிக்கு மட்டும் பில் வாங்கினால் வரிக் கணக்கு மாறும். முதல் புத்தகத்துக்கு முன்பே ஓர் ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

மெய்ப்பைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன், ஒன்று மட்டும் சொல்கிறேன். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது 'ர' வரவேண்டிய இடத்தில் துணைக்கால் உட்கார்ந்திருக்கும், 'ஔ' என்பது 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாகப் பிரிந்திருக்கும். திரையில் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். அச்சிலும் பலர் கவனிக்க மாட்டார்கள். மின்னூலில் சொல்லைத் தேடினால் கிடைக்காது, ஒலிநூல் செயலி தடுமாறும். மாற்றிய கோப்பை ஒருமுறை காகிதத்தில் எடுத்து வரிவரியாகப் படிக்காமல் அனுப்பாதீர்கள். அதற்குச் செலவாகும் 400 ரூபாயை மிச்சம் பிடித்து, எழுதியவரின் பல ஆண்டு உழைப்பைக் கெடுக்க நமக்கு உரிமை இல்லை.

இப்போது புதிய புத்தகம் எதுவானாலும் முதலில் நூறு பிரதி, டிஜிட்டல் அச்சில். பிரதிக்கு அடக்கம் கூடத்தான் செய்கிறது. அதற்கேற்ற விலை வைக்கிறேன், முன்பதிவில் வாசகர்களிடமே நேரடியாக விற்கிறேன். நூறும் பணமான பிறகு அடுத்த நூறு. மூன்று முறை இப்படிப் போன புத்தகத்தைத்தான் ஆஃப்செட்டுக்குக் கொடுக்கிறேன். தபால் செலவுதான் நேரடி விற்பனையில் கழுத்தை நெரிக்கும். 2025 மே மாதம் அஞ்சல் துறை புத்தகங்களுக்கென்று ஞான் போஸ்ட் என்ற சேவையைத் தொடங்கியிருக்கிறது. தொடங்கியபோது 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. ஒவ்வொரு புத்தகத்தையும் அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள், ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. வெளியான முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் மும்பை, தில்லி நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும் என்பது 1954ஆம் ஆண்டுச் சட்டம். அந்த நான்கையும் அச்சுக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஒழுங்காகப் பணம் தரும் கடைகளும் இருக்கின்றன. திருநெல்வேலியில் ஒருவர் மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதிக்குள், நான் கேட்காமலே, விற்ற பிரதிகளின் பட்டியலையும் பணத்தையும் அனுப்புகிறார். புதிய புத்தகம் வந்ததும் முதல் கட்டு அவருக்குத்தான் போகிறது. எந்தக் கடை எப்படி என்பது சிறு பதிப்பாளர்களுக்குள் இப்போது ஓரளவு தெரிந்திருக்கிறது, வெட்கப்படாமல் பேசிக்கொள்கிறோம். முதல் பார்சலை லாரி ஆபீசில் போடுவதற்கு முன், அந்தக் கடைக்கு ஏற்கெனவே சரக்குக் கொடுக்கும் இரண்டு பதிப்பாளர்களைக் கூப்பிட்டுக் கடைசியாக எப்போது பணம் வந்தது என்று கேளுங்கள்.